ஒரு குரோஸ் கதை

சாயங்காலமானால் கோவில்பட்டியில் எங்கள் தெருத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டும் வேலைதான். 144 பெட்டி ஒரு குரோஸ். அட்டையை மடித்து, ஆள்காட்டி விரலால் பசையை இழுகி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பின்பக்கம் எறிவாள் ஆச்சி. குனிந்தே பார்க்கமாட்டாள். கண் எங்கள் மேல் இருக்கும், வாய் கதையில் இருக்கும். கதைக்காகத்தான் நாங்களும் கூட உட்கார்ந்து ஒட்டுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் குரோஸ் முடிகிறவரை கதை முடியாது. அட்டை மிச்சமிருந்தால் ராசா மகள் இன்னொரு மலை தாண்டிப் போவாள்.

'ம்' கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாள். குறுக்கே கேள்வி கேட்டால் குஷி.

"ராசா காட்டுக்குப் போனான்..."

"எந்தக் காடு ஆச்சி?" என்பான் தம்பி.

"குருமலைக் காடுதாம்ல. வேற எந்தக் காடு?"

அவ்வளவுதான். குருமலையில் மான் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும்; ராசா நடக்கத் தொடங்கிவிடுவான். அவன் கவலைப்பட்டான் என்று ஆச்சி சொல்லி நான் கேட்டதில்லை. "கையில வெத்தலைய வச்சுக்கிட்டே, வெத்தலை எங்கங்கான்" என்பாள்.

ஊர் நூலகத்தில் கு. அழகிரிசாமியின் சிறுகதைகள் கிடைத்தது பிறகுதான். இடைசெவல்காரர். திருநெல்வேலி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஊர். அவரும் இன்னொரு எழுத்தாளரான கி. ராஜநாராயணனும் 1923இல் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பதை நினைத்தால், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மேல் எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். தீபாவளி நேரத்தில் ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேருகிற அநாதைப் பையன், பெயர் ராஜா, உடம்பெல்லாம் சிரங்கு. அந்த வீட்டுத் தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற இடம் வந்ததும் ஆச்சியின் விரல் பசையிலேயே நின்றுவிட்டது.

"சிரங்குல பட்டா எரியும்லா. பையத் தேய்க்கச் சொல்லு."

யாரிடம் சொல்ல? தாயம்மாளின் நல்ல மனதைப் பற்றி அழகிரிசாமி பிரசங்கம் செய்வதில்லை. எண்ணெயை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பெரிய பெரிய பேச்சுகளில் நான் பிற்பாடு கேட்ட 'சிறுகதை நுட்பம்' எல்லாம் அந்தக் குளியலுக்குள் அடங்கிவிடும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்தச் சூட்டோடு நானும் ஒரு கதை எழுதினேன். முதல் வரி: 'முருகன் வறுமையில் வாடினான்.' ஆச்சி 'ம்' கொட்டவில்லை.

"அன்னைக்கு அவன் வீட்ல என்ன கஞ்சி?"

யோசித்தேன். கம்மங்கூழ். அதுவும் முதல் நாளுடையது. கடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டில் கருவாடு சுடுகிற வாசனை வருகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து குடிக்கிறான். வறுமையை அடித்துவிட்டு இதை எழுதி, மறுபடி வாசித்தேன்.

"ஒரு வெங்காயமாவது குடேம்ல அந்தப் பயலுக்கு" என்றாள் ஆச்சி.

"கதை கெட்டுப்போகும் ஆச்சி."

"ஒன் கதையக் கொண்டு ஒடப்பில போடு. பய எப்படி வெறுங்கூழக் குடிப்பான்?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.