ட்யூப் மாற்றிய வாரம்

போட்டோதெரபி என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. "லைட்டு வைக்க வந்திருக்கேன்" என்பார்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சுற்றிலும் ட்யூப்கள் ஊதாவாக எரியும். முதல் நாள் வருகிறவர் அரைமணி நேரமாவது ஆகும் என்று நினைத்து வருவார். ஒரு நிமிடம் சொச்சத்தில் விளக்கு அணைந்ததும் அவர் முகமும் அணைந்துவிடும். "இவ்வளவுதானா டாக்டரம்மா? இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"

நான் படித்த காலத்தில் பல இடங்களில் பெட்டியே கிடையாது. வெண்புள்ளிக்காரருக்கு சோராலன் மாத்திரை கொடுப்போம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்வோம். கண்ணைக் காப்பாற்ற அன்று முழுக்கக் கண்ணாடி போட வேண்டும். சித்திரை வெயிலுக்கும் ஐந்து நிமிடம், மார்கழி வெயிலுக்கும் ஐந்து நிமிடம். சிலருக்கு நிறம் வந்தது, சிலர் கொப்புளத்தோடு வந்தார்கள். மாத்திரை புதிது என்றாலும் சரக்கு பழையது. நம் வீட்டுக் குளியல் பொடியில் சேர்க்கிற கார்போகரிசியில் இருப்பது இதே சோராலன்தான். எகிப்தில் நைல் கரையில் வளரும் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த சோராலனை 1940களில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார்.

பெட்டி வந்த கதை வேறு. வெயிலில் இருக்கிற எல்லாக் கதிரும் வேண்டுமா, ஒரு கீற்று போதுமா என்று பாரிஷும் ஜெனிக்கியும் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து 1981இல் எழுதினார்கள். 313 நானோமீட்டர் பக்கத்தில்தான் பலன், அதற்கு வெகு கீழே போனால் தோல் வேகிறதே தவிர நோய் அடங்கவில்லை. அதையொட்டி 311இல் மட்டும் எரிகிற ட்யூப் வந்தது. 1997இல் ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் அதை வெண்புள்ளிக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள். மாத்திரை தேவையில்லை என்பதால் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். என் தொழிலில் நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான். இப்போது விளம்பரமாகிற லேசர்கள் எல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

இந்த வைத்தியத்தில் அலுக்காத காட்சி ஒன்று உண்டு. வெள்ளைத் திட்டின் நடுவே மிளகளவில் பழுப்புப் பொட்டுகள் முளைக்கும். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு ரோமம் இருக்கும். தோலின் மேல் நிறச் செல்கள் அழிந்தாலும் மயிர்க்காலுக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கும். ஒளி பட்டதும் அவை மேலே ஏறி வந்து பரவும். அதனால் முகமும் முன்கையும் சீக்கிரம் தேறும். ரோமம் இல்லாத விரல்நுனியும் உதடும் பிடிவாதம் பிடிக்கும்.

இதைப் புரோட்டா மாஸ்டர் ஒருவரிடம் சொல்வது எளிதாக இல்லை. அண்ணாச்சிக்கு இரண்டு முன்கையிலும் விரல்களிலும் வெண்புள்ளி. தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினார். கடைக்கு வருகிறவர்கள் நம்பவில்லை. கல்லுக்கு முன்னால் நின்றவரை முதலாளி உள்ளே மாவு பிசைய அனுப்பிவிட்டார். "முன்கை தேறும், விரல்நுனிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றேன். "கை வரைக்கும் வரட்டும், பெறவு பாப்போம்" என்றார்.

நாலு மாதத்தில் பொட்டுகள் முளைத்தன. அந்தச் சமயத்தில்தான் நான் தவறு செய்தேன்.

பெட்டிக்குக் கணக்கு உண்டு. ட்யூபின் வீச்சை மீட்டர் வைத்து அளந்து, அதை விநாடியால் பெருக்கினால் தோலில் விழும் அளவு கிடைக்கும். அண்ணாச்சிக்கு அப்போது சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிஜூல். எங்கள் பழைய ட்யூப்களின் வீச்சு 3 மில்லிவாட், ஆக 200 விநாடி. ட்யூப் எரிய எரிய வீச்சு குறையும். அந்த வாரம் எல்லாவற்றையும் மாற்றினோம். புதியவற்றின் வீச்சு 5. அளந்து அட்டையைத் திருத்த வேண்டியது என் வேலை. ஓபியில் கூட்டம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். பழைய அட்டைப்படி 200 விநாடி ஓடியது. 600 போக வேண்டிய இடத்தில் 1000 போயிற்று.

பெட்டிக்குள் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் போன் வந்தது. "வத்தலை அரைச்சு அப்புன மாதிரி காந்துது டாக்டரம்மா." மறுநாள் பார்த்தால் வெள்ளைத் திட்டு மட்டும் செக்கச்செவேலென்று கிடந்தது, காக்க நிறமில்லாத தோல் அது. வலியைவிட எனக்குப் பயம் வேறு. வெண்புள்ளிக்காரருக்குத் தோல் காயப்பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பலாம். தவறு என்னுடையது என்று அவரிடமே சொன்னேன். இரண்டு வாரம் நிறுத்தி, பாதி அளவில் தொடங்கினோம். நல்லவேளை, புதுத் திட்டு வரவில்லை.

திரும்பி வந்த அன்று அவர் கேட்டார்: "லைட்டும் வைக்கச் சொல்லுதீய, வெயில்லயும் போவாதங்கீய. ரெண்டும் வெளிச்சம்தானே?" வெயிலை அளந்து ஊற்ற முடியாது என்றேன். அதுவும் போக, வெயில் பட்டால் சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்து, வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். அதற்குத்தான் சன்ஸ்கிரீன்.

அதிலும் அளவுதான் தகராறு. டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. நம் ஆட்கள் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும் என்றால் "அவ்வளவா!" என்பார்கள். மங்கு உள்ளவர்களுக்கு அதுவும் போதாது. மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கறுக்க வைக்கும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, பழுப்பு நிறச் சன்ஸ்கிரீன். வெள்ளையடித்த மாதிரி முகத்தில் படியாது என்பது கூடுதல் வசதி. சிவப்பாக்கும் க்ரீமை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டீராய்டு பூசிப் பாழான முகங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஒன்றரை வருடத்தில் அண்ணாச்சியின் முன்கைகள் தேறின. விரல்நுனிகள் இன்னும் வெள்ளைதான். அவர் மறுபடி கல்லுக்கு முன்னால் நிற்கிறார், வேறு கடையில்.

எங்கள் பெட்டியின் கதவில் இப்போது ஒரு சிலேட்டு தொங்குகிறது. கடைசியாக அளந்த தேதியும் வீச்சும் அதில் இருக்கும். கரன்ட் போய் நடுவில் விளக்கு அணைந்தால் எத்தனை விநாடி ஓடியது என்பதையும் குறித்துவிடுகிறோம். நீங்கள் எந்த ஊரில் லைட்டு வைக்கப் போனாலும், பெட்டிக்குள் ஏறும் முன்னே கேளுங்கள்: ட்யூப் மாற்றினீர்களா, மாற்றிய பிறகு அளந்தீர்களா?