தளர்ந்த வேட்டி

எமது பெரியப்பாவின் வேட்டி இடுப்பில் நில்லாது நழுவத் தொடங்கியதை முதலிற் கண்டவர் பெரியம்மாவே. "வயது சென்றால் உடம்பு வற்றுவது இயல்புதானே" என்று நாம் அவரைத் தேற்றினோம். பெரியப்பாவும் வேட்டியின் மேல் ஒரு பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஓயாத இருமலுக்காக வைத்தியரிடம் சென்றபோதே சுவாசப்பைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. "ஆறு மாதத்துக்கு முன் இவருடைய நிறை என்ன?" என்று வைத்தியர் வினவினார். நாம் விழித்தோம். பழைய கிளினிக் கொப்பியிற் பார்த்தால் 60 கிலோ; அன்றோ 54. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நிறை தானாகக் குறைவது நோயினால் வரும் உடல் நலிவுக்கு அறிகுறி என 2011இல் பன்னாட்டு நிபுணர் வரையறுத்துள்ளனர். இவரோ 10 பங்கை இழந்திருந்தார். நலிந்த உடல் சிகிச்சையைத் தாங்காது. ஆயுளும் குறுகும் என்பதை 1980ஆம் ஆண்டிலேயே, 3,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று காட்டியிருந்தது.

இதனை அறியாத நாம் செய்தது யாது? "புற்றுக்குத் தீனி போடாதீர்கள்" என்ற அயலார் சொற்கேட்டு, முட்டை, மீன், பால் யாவற்றையும் விலக்கி, வெறுங் கஞ்சியே கொடுத்தோம். பட்டினியாற் புற்று வாடவில்லை, பெரியப்பாவே வாடினார்.

போசணை நிபுணர் எம்மைத் திருத்தினார். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டுமாம். சிறிது சிறிதாக, ஆறு வேளையாக, முட்டையும் மீனும் பருப்பும் தேங்காய்ப்பாற் கஞ்சியும் கொடுத்தோம். நோயே அழற்சியை உண்டாக்கித் தசையைக் கரைப்பதால், உணவினால் மட்டும் அனைத்தும் மீளாது என்றும் அவர் மறையாது சொன்னார்.

இழந்த நிறை திரும்பவில்லை. ஆயினும் மேலுங் குறையாது நின்றது. மருந்தேற்றல் குறித்தபடி நிறைவேறியது. ஓராண்டுக்கு மேல் பெரியப்பா எம்மோடிருந்தார். அது உணவினாற் கிடைத்த ஆயுள் என்று கூற நாம் துணியோம். இறுதி நாள்களில் அவர் கரண்டியை விலக்கியபோது பெரியம்மா வற்புறுத்தவில்லை. உதட்டை மட்டும் நனைத்தார்.

உங்கள் வீட்டு முதியவரின் வேட்டி தளர்ந்தால், பட்டியை இறுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். நிறையைப் பார்த்துக் குறித்து, வைத்தியரிடம் காட்டுங்கள். நாம் பிந்திச் செய்ததை நீங்கள் முந்திச் செய்யுங்கள்.