காதுக்கும் ஓர் அப்கிரேட்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் சந்தோஷத்தைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் எழுதுவதில்லை. நுகர்வு வெறி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. 9 வருடம் உழைத்த என் பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டே வரலாம். உள்ளே நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க். அதன் முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்க வேண்டும். புதியதில் எஸ்எஸ்டி. சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. மூடியைத் திறந்தால் ரெடி.

கூடவே ஒரு மியூசிக் பிளேயரும் வாங்கினேன். “போன்லயே கேக்கலாமே?” என்றார்கள் ஆபீஸில். 2001-இல் 5 ஜிபி இடத்தோடு வந்த ஐபாடை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. பாட்டுக்கென்று தனிக்கருவி அதோடு செத்துப்போச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாகவில்லை. கால் வராத, நோட்டிபிகேஷன் வராத பெட்டி இன்றைக்கும் கிடைக்கிறது.

ஹாஸ்டலில் பென்டிரைவ் பென்டிரைவாகக் கைமாறி வந்த என் பாட்டுகள் எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. சிடியில் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 எம்பி இடம் வேண்டும். இதற்கு 1 எம்பி போதும். மீதி எங்கே போச்சு? பெரிய சத்தம் ஒன்று ஒலிக்கும்போது அதை ஒட்டியிருக்கும் சின்னச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. கேட்காததற்கு எதற்கு இடம் என்று எம்பி3 அதைக் கழித்துவிடும். அருமையான பொறியியல்தான். ஆனால் 128-இல் கத்தி கொஞ்சம் கூடுதலாகவே பாயும்.

இளையராஜாவின் 1986 ஆல்பமான ‘ஹவ் டு நேம் இட்’ சிடியை, எதையும் வெட்டாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக மாற்றி, புது பிளேயரில் போட்டேன். வயலினில் வில் திசை திரும்பும் உரசல் கேட்டது. இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது!

இந்த மாதிரி சந்தோஷத்தை யாரிடமாவது காட்டினால்தான் முழுமை. ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டி, பழைய கோப்பையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதான கண்ணு?”

அப்பா பள்ளிபாளையத்தில் 30 வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது உள்ளே பேச்சு கிடையாது, ஜாடையும் உதட்டசைவும்தான். அந்தச் சத்தம் நாள்பட நாள்பட உள்காதிலுள்ள நுண்ணிய முடிச்செல்களை அழித்துவிடும். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசினோம் என்பது பாதி புரிவதில்லை. வில்லின் உரசலும் அந்தப் பக்கத்துச் சத்தம்தான்.

என் முதல் கம்ப்யூட்டர் அந்தத் தறிக் காசில் வந்தது.

“காது மிஷின் வெச்சுக்கலாங்கப்பா” என்றால், “கெழவன்னு சொல்லுவாங்க” என்று தள்ளிவிடுவார். இந்த முறை வேறு மாதிரி பேசிப் பார்த்தேன். “அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தானுங்கப்பா. வர்ற சத்தத்தைப் பிரிச்சுப் பாத்து, உங்களுக்கு எங்க கொறையுதோ அங்க மட்டும் கூட்டிக் குடுக்கும்.” கம்ப்யூட்டர் என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

ஈரோட்டில் ஆடியோகிராம் எடுத்தார்கள். வரைபடக் கோடு சமமாகப் போய், 4000-இல் பள்ளத்தில் விழுந்தது. அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி மிஷினைக் கம்ப்யூட்டரில் செட் செய்து காதில் பொருத்தினார்கள். அப்பா சட்டென்று மேலே பார்த்தார்.

“இந்த ஃபேன் இவ்ளோ சத்தமாவா சுத்துது?”

வீட்டுக்கு வந்ததும் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். சரசரன்னு சத்தம் வருதாம்.

போன காது திரும்பிவிடவில்லை. காது மிஷினுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். கடைவீதி இரைச்சலில் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். ஹெட்போனை மறுபடி நான் நீட்டவில்லை. பாட்டு கேட்பது அவர் இஷ்டம். ஆனால் போன வாரம் போனில் பேசும்போது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்:

“ஏங்கண்ணு, இதுலயும் வருசா வருசம் புது மாடல் வருமா?”