பட்டாளத்து ஆங்கிலமும் பள்ளிவாசல் மனுக்களும்

'பட்டாளத்திலிருந்து வந்துவிட்டார்' என்று தமிழில் ஒரே சொற்றொடரில் சொல்லி முடித்துவிடுகிறோம். பணிக்காலம் முடிந்து வந்தவரும், நோயுற்று அனுப்பப்பட்டவரும், குற்றம் செய்து நீக்கப்பட்டவரும் நம் வாய்மொழிக்கு ஒருவரே. ஆங்கிலத்தில் மனு எழுதும்போதுதான் இவ்வழக்கம் வினையாக முடிகிறது.

மத்திய அரசு எழுத்தர் என்பதாலும், பி.ஏ. பட்டம் பெற்றவன் என்பதாலும், பள்ளிவாசலில் இத்தகைய மனுக்கள் என்னிடம் வந்து சேர்வதுண்டு. இங்குள்ள நம் குடும்பங்களின் நிலை விந்தையானது. வீட்டிலே தமிழ்; கிராம அலுவலகத்திலே மலையாளம்; வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கோ, பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கோ எழுதுவதானால் ஆங்கிலம். கொழுந்து கிள்ளிப் பிள்ளையை வளர்த்த தாய் அம்மூன்றாவது மொழியை எங்கே கற்பது?

எஸ்டேட் லயத்திலிருந்து ஓர் அம்மையார் ஒருமுறை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவன் எழுதியது. விடுப்பில் வந்த மகன் மஞ்சள் காமாலையால் படுத்துவிட்டான். குறித்த நாளில் திரும்ப இயலவில்லை. 'பட்டாளத்தை விட்டுட்டு வந்து கெடக்கான்' என்று தாய் சொன்னதை அம்மாணவன் அகராதியின் துணைகொண்டு 'டெஸர்ட்டட்' என்று பெயர்த்திருந்தான்.

"அம்மா, இந்தச் சொல்லை மட்டும் எழுதக் கூடாது" என்றேன்.

"நடந்ததைத்தானே சார் எழுதியிருக்கான்?" என்றார் அவர்.

நடந்தது அதுவன்று. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தில் 38ஆம் பிரிவு 'டெஸர்ஷன்' பற்றியது. திரும்பும் எண்ணமின்றிப் படையைக் கைவிடுவது. போர்ப்பணிக் காலத்தில் அதற்கு மரண தண்டனைகூட விதிக்கலாம். விடுப்பு முடிந்தும் தக்க காரணமின்றித் தங்கிவிடுவது 39ஆம் பிரிவில் அடங்கும். அதற்கு உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. இரண்டுக்கும் நடுவே நிற்பது மனிதனின் எண்ணம் ஒன்றே. நோயின் பெயர், படுத்த தேதி, மருத்துவச் சீட்டு, திரும்பக்கூடிய நாள் ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்பினோம். உண்மையை மறைக்கவில்லை, பொருந்தாத பெயரைச் சூட்டவில்லை, அவ்வளவே.

'டிஸ்சார்ஜ்' என்னும் சொல்லைக் கண்டு பலர் முகஞ்சுளிக்கின்றனர். சிப்பாயும் ஹவில்தாரும் மதிப்போடு பணி முடித்து வெளிவருவதற்கும் படைவழக்கில் அதுவே பெயர். அஞ்சத்தக்கது 'டிஸ்மிஸ்', அது தண்டனை. அதிகாரிகளுக்கு 'கேஷியரிங்' என்றொரு தண்டனை உண்டு. காசாளர் வேலை கிடைத்ததாக எண்ணி எவரும் இனிப்பு வழங்கிவிட வேண்டா! திரைப்படங்களில் கேட்கும் 'டிஸ்ஆனரபிள் டிஸ்சார்ஜ்' அமெரிக்கர் வழக்கு. நம் சட்டத்தில் அத்தொடர் இல்லை.

எழுத்துப் பிழையும் எளிதன்று. படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல்லின் இறுதியில் 'ஈ' என்னும் ஓரெழுத்தைக் கூட்டினால் பிணமாகிவிடும். 'கேஷுவல்டி' என்றால் நமக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போர்ச் செய்தியிலோ இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் யாவரும் அதில் அடங்குவர். அவ்வெண்ணிக்கை முழுவதையும் 'மாண்டவர்' என்று படித்துக் கலங்குவோரைக் கண்டிருக்கிறேன்.

கைம்பெண்களின் மனுக்களில்தான் சொல்லின் எடை முழுதும் தெரியும். போரில் வீழ்ந்தவர் மனைவிக்குரிய தாராளக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்துக்கு ஈடானது. பணியின் காரணமாக நேர்ந்த மரணத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 விழுக்காடு. மற்றவற்றுக்குச் சாதாரண ஓய்வூதியம், பொதுவாக 30 விழுக்காடு. 'அட்ரிபியூட்டபிள்' என்றால் பணியால் விளைந்தது. 'அக்ரவேட்டட்' என்றால் முன்பே இருந்து பணியால் முற்றியது. இவற்றை விட்டுவிட்டு 'உடல்நலமின்றி இறந்தார்' என்று மட்டும் எழுதுவது, கேட்க வேண்டியதைக் கேளாமல் திரும்புவது போன்றது.

'மார்ட்டர்' என்று எழுதுமாறு சிலர் கண்ணீரோடு கேட்பர். படையில் அப்படியொரு சொல் வழக்கில் இல்லை என்று 2017ஆம் ஆண்டில் மத்தியத் தகவல் ஆணையத்தின் முன் அரசே தெரிவித்தது. அங்கே வழங்குவது 'பேட்டில் கேஷுவல்டி'. இதைத் தாயிடம் எடுத்துச் சொல்வது, மனு எழுதுவதினும் கடினமான வேலை.

எனவே என்னிடம் வருவோரை, முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையோ படையிலிருந்து வந்த கடிதத்தையோ எடுத்து வரச் சொல்கிறேன். அதில் கண்ட சொல்லையும், படை எண்ணையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே பெயர்த்தெழுதிக் கொள்கிறேன். அதன் பிறகே கதையைக் கேட்கிறேன்.