படிகளைத் தேடி ஒரு நாள்

யாத்திரை போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், சிற்பம் பார்ப்பார்கள். நானோ படிகளைப் பார்க்கப் புறப்பட்டேன். "பள்ளிக்கூடத்து மாடிப்படி போதவில்லையாக்கும்!" என்றாள் என் மனைவி. நாற்பது வயதைக் கடந்துவிட்ட என் முழங்கால்களுக்கும் அதே சந்தேகந்தான்.

முதலில் குன்றத்தூர் சென்றேன். பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின்மேல் முருகன் கோயில். ஏறுவதற்கு 84 படிகள். எனக்கு முன்னால் ஒரு பாட்டி ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறினாள். அவளை அவசரப்படுத்துவார் ஒருவருமில்லை.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலம். அனந்தசரஸ் என்னும் திருக்குளத்தின் கரையில் சற்று நின்றேன். குளத்துப் படிகளில் ஒரு விசேஷம் உண்டு. கோடையில் நீர் எவ்வளவு கீழே போனாலும் மனிதனும் கூடவே இறங்கிப் போகலாம். மாரியில் நீர் ஏறினால் அவனும் மேலே வரலாம். மனிதனுடைய காலை அறிந்து கல்லை அடுக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

மாலையில் ஒரகடத்துக்குப் பஸ் ஏறினேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த பூமியில் இன்று மோட்டார் விளைகிறது. தேசத்தின் இந்தக் கைத்தொழில் வளர்ச்சியைக் கண்டு பெருமைப்படாதவர் யார்? நானும் பெருமைப்பட்டேன், பஸ்ஸை விட்டு இறங்கும் வரையில்.

நான் இறங்கிய இடத்தில் நடப்பதற்கென்று ஒரு பாதை இல்லை. சாக்கடையை மூடியிருந்த கற்பலகைகளில் இரண்டு பெயர்ந்து கிடந்தன. எதிர்ப்பக்கம் போகவேண்டுமானால், பெட்டி லாரிகள் வரிசையாகப் பறக்கும் சாலையைக் கடந்து, நடுவேயுள்ள தடுப்புச் சுவரின்மேல் ஏறி இறங்க வேண்டும். திகைத்து நின்றேன்.

அப்போது ஷிப்டு விட்டது. நீலச் சட்டையும் கழுத்தில் அடையாளச் சீட்டுமாகப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். என் மாணவிகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களாக இருக்கலாம். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "சார், அந்த லாரி போகட்டும். நான் சொல்றப்போ வாங்க" என்றாள்.

அவள் பின்னால் போனேன். தடுப்புச் சுவரின் அருகே சிமெண்டுக் கற்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கால் வைத்துத்தான் எல்லோரும் ஏறினார்கள். "யாரம்மா வைத்தது?" என்று கேட்டேன். "தெரியலை சார். நாங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்தது" என்றாள்.

அன்று நான் கண்ட படிகளில் மிகச் சிறியது அதுதான். எந்த அரசனும் கட்டியதன்று. எந்தக் கல்வெட்டும் அதைச் சொல்லாது. ஆனால் எவரோ ஒரு தொழிலாளி, தனக்குப் பின்னால் வருகிறவர்களுடைய காலை நினைத்து வைத்த படி அது.

திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று, தாம் பெற்ற மந்திரத்தை எல்லோருக்கும் உரைத்தார் ராமாநுஜர் என்பது வரலாறு. அவர் ஏறியது தமக்காக அன்று. அம்மகான் பிறந்த சீமையில், உலகத்துக்கெல்லாம் வண்டி செய்து கொடுக்கும் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கிறார்கள். சக்கரத்துக்கு இத்தனை அகலமான சாலை போட முடிந்த நமக்கு, காலுக்குப் பத்துப் படி கட்ட முடியாதா?