பொதுச்சுவரும் புகைக்கூண்டும்

சென்ற வாரம் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓட்டுக்கூரை, அதன்மேல் செங்கல் புகைக்கூண்டு, உச்சியில் வரிசையாக நான்கு சுடுமண் குழாய்கள். மூன்றாவது குழாயிலிருந்து மட்டும் மெல்லிய புகை. கீழே ஒரே வரி: "அப்பா, உங்க கூண்டு நல்லா இருக்கு."

கூண்டு என்னுடையது அல்ல. பிரான்சின் வடகோடியில், லீல் நகரை ஒட்டிய ரூபே என்ற ஊரில் மகளும் மாப்பிள்ளையும் வாங்கிய பழைய வீட்டினுடையது. அதிலும் பாதிதான் அவர்களுடையது, மீதி பக்கத்து வீட்டு மதாமுடையது. 2019-ல் விசா கொடுத்த தொண்ணூறு நாளும் அங்கே இருந்துவிட்டு வந்தேன். பார்த்த ஊர்களைப் பற்றி முன்பே எழுதியாயிற்று. இந்தக் கூண்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் என் தம்பியைப் பற்றியும் எழுத வேண்டிவரும். இப்போது அவனிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கண்ணே, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டான்.

ரூபே ஒரு காலத்தில் கம்பளி நூற்பாலைகளின் ஊர். ஆயிரம் புகைபோக்கிகளின் ஊர் என்று அதற்குப் பெயர். ஆலைகள் போய்விட்டன. ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய செங்கல் வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. நடுவில் ஒரே சுவர். பிரெஞ்சில் அதை 'மித்வாயேன்' என்பார்கள், நாம் பொதுச்சுவர் என்கிறோமே, அதேதான். இரண்டு வீட்டுக் கணப்புகளின் புகைவழிகளும் அந்தச் சுவருக்குள்ளேயே ஏறி, கூரைக்கு மேலே ஒரே கூண்டாக வெளியே வருகின்றன.

குளிரே இல்லாத பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள், புகைக்கூண்டு துடைக்கும் சவுவா மலைநாட்டுப் பையன்களைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த புகைக்கூண்டு அம்மாவின் அடுப்புக்கு மேலே இருந்தது ஒன்றுதான். அதை யாரும் துடைத்ததாக நினைவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது மே மாதம். மறுநாளே மாப்பிள்ளை என்னைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு அழைத்துப்போய்க் கூண்டைக் காட்டினார். பார்வைக்கே தெரிந்தது, சாய்ந்திருந்தது. மதாமின் கூரைப் பக்கம் ஒரு விரற்கடை சாய்வு. செங்கற்களின் முகம் தோல் உரிந்தாற்போல் பெயர்ந்திருந்தது. குளிர்காலத்தில் ஒரு துண்டு விழுந்து மதாமின் ஓடு உடைந்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஒரு கம்பெனி வந்து பார்த்து மதிப்பீடு கொடுத்திருந்தது. மகள் வீட்டில் காஸ் பாய்லர் வந்துவிட்டது, அதன் புகை பின்சுவர் வழியாகப் போய்விடுகிறது, கணப்புகளை முந்தைய சொந்தக்காரரே அடைத்துவிட்டார். ஆகவே அவர்கள் பக்கத்து இரண்டு குழாய்களையும் சிமெண்ட் பலகை வைத்து மூடிவிடுவது, கூண்டு முழுவதும் சிமெண்ட் பூசி, தண்ணீர் ஒட்டாத பெயிண்ட் அடிப்பது. இரண்டு நாள் வேலை. கூரைப் பக்கமே ஏறாமல், கீழிருந்து படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். புகைக்கூண்டு வேலைக்காரனைப் பிரெஞ்சில் 'ஃபுமிஸ்த்' என்பார்கள். பொறுப்பில்லாமல் ஏய்ப்பவனுக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஏன் என்று விளங்கவில்லை.

மாப்பிள்ளை இன்னொரு காரியமும் செய்து வைத்திருந்தார். மதாமுக்கு அனுப்ப ஒரு ரெஜிஸ்டர் தபால், அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு. சிவில் சட்டத்தின் 655-ஆம் பிரிவின்படி பொதுச்சுவரின் பழுதுச் செலவை உரிமையுள்ளவர்கள் எல்லோரும் அவரவர் உரிமைக்கேற்பப் பகிர வேண்டும், ஆகவே உங்கள் பங்கைக் கட்டவும் என்று. "மாமா, பிரெஞ்சு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க" என்று என்னிடம் நீட்டினார்.

பிரெஞ்சு சரியாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எத்தனை ரெஜிஸ்டர் தபாலை என் கையால் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த அட்டை கையெழுத்தாகித் திரும்பி வரும்போது, சேதி போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி கிடைக்கும். அதோடு இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வழி அடைபட்டும் போகும். ஆபீஸ் தபால் மட்டுமல்ல, சொந்தமாகவும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். "ரெண்டு நாள் பொறுங்க மாப்பிள்ளை, நான் ஒரு தடவை போய்ப் பேசிப் பாக்குறேன்" என்றேன்.

மதாமுக்கு அப்போது எண்பத்து நாலு வயது. பதினாலு வயதில் நூற்பாலைக்குப் போனவர். கதவைப் பாதிதான் திறந்தார். என் பிரெஞ்சைக் கேட்டதும் முழுவதும் திறந்தார். "இப்படிப் பேசுகிறவர்கள் என் பள்ளிக்கூட வாத்தியாரோடு போய்விட்டார்கள்" என்றார். பழங்காலத்துப் புத்தகப் பிரெஞ்சு என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். முன்னறையில் ஓர் இரும்பு அடுப்பு. குளிர்காலத்தில் அதில்தான் விறகு போட்டுக் குளிர்காய்கிறார். முன்பெல்லாம் நிலக்கரி. அந்த வட்டாரத்துக் கடைசிச் சுரங்கத்தை 1990 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அவர் பயந்தது பணத்துக்கு. பெரிய தொகையாகக் கேட்பார்கள், பென்ஷனில் எப்படிக் கட்டுவது என்றுதான் பேசாமலே இருந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த பழைய கொத்தனார் ஒருவர் உண்டு, அவர் வந்து பார்க்கட்டும் என்றார். மாப்பிள்ளையும் சம்மதித்தார்.

கொத்தனார் போர்த்துகீசிய வம்சம், ஐம்பது வயதிருக்கும். வந்தவர் முதலில் கூரைக்கு ஏறவில்லை. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு கணப்பாகக் குனிந்து பார்த்தார். பிறகு மதாமின் அடுப்பில் புகை விடும் மாத்திரை ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு, எங்களைத் தெருவுக்கு அழைத்துப்போய் மேலே பார்க்கச் சொன்னார்.

இடப்பக்கம் இரண்டு குழாய் மதாமுடையது, வலப்பக்கம் இரண்டு நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புகை மூன்றாவது குழாயிலிருந்து வந்தது.

மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. சுவருக்குள் புகைவழி நேராகத்தான் ஏறும் என்று யார் சொன்னது? கட்டினவன் வசதிப்படி வளைத்துக் கொண்டுபோயிருக்கிறான். கம்பெனிக்காரர்கள் மூட இருந்த இரண்டில் ஒன்று அது. மே மாதத்தில் மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்டோபரில் குளிர் வந்ததும் அந்த அம்மாள் சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு அடுப்பை மூட்டியிருப்பார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை. அன்றிரவு அந்த ரெஜிஸ்டர் தபாலை மாப்பிள்ளையே கிழித்துப் போட்டார்.

வேலை ஜூனில் நடந்தது. உறைபனி இருக்கும் மாதத்தில் சுண்ணாம்பு வேலை கூடாது, இறுகுவதற்குள் உறைந்து உதிர்ந்துவிடும் என்றார் கொத்தனார். தெருவில் சாரம் கட்ட மேரியில் அனுமதி வாங்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம்.

கூண்டு ஏன் சாய்ந்தது என்று அவரிடம் கேட்டேன். சாரத்தடியில் உட்கார்ந்து, பழைய சாந்துத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். கட்டினவர்கள் சுண்ணாம்புச் சாந்தில்தான் கட்டியிருக்கிறார்கள். இடையில் யாரோ அந்த மூட்டுகளைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. அது ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டைத் தின்னும்போது சிமெண்ட் உப்பும். மழைக்காற்று அடிக்கிற பக்கத்தில் ஈரம் அதிகம், ஆகவே அந்தப் பக்கத்து மூட்டுகள் அதிகம் உப்பிக் கூண்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டன. இது ஒரு கேடு. இன்னொன்று செங்கல்லுக்கு வந்தது. மழையில் நனைந்த சுவர் காய வேண்டுமென்றால் ஈரம் மூட்டு வழியாக வெளியே போக வேண்டும். சுண்ணாம்பு அதற்கு வழி விடும், சிமெண்ட் விடாது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். குளிரில் உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், செங்கல்லின் முகம் வெடித்துப் போகும்.

"மிசியே, சாந்து எப்போதும் செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும்" என்றார். "கெடுவதானால் சாந்து கெடட்டும். சுரண்டிவிட்டு வேறு வைக்கலாம். செங்கல் கெட்டால் என்ன செய்வீர்கள்?"

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "பொதுச்சுவர் என்றால் இன்னும் மோசம். ஒருத்தர் தன் பக்கம் சிமெண்ட் பூசிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்பார். ஈரம் எங்கேயும் போய்விடவில்லை. அடுத்தவர் பக்கமாக வெளியே வரும்."

எங்கள் பூர்வீக வீடு தமிழர் பகுதியில், திண்ணை வைத்த பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும். அப்பா காலத்துக்குப் பிறகு நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டோம். கூடத்துச் சுவர் நடுச்சுவர் ஆயிற்று. 1992-ல் என் பக்கம் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பி.எஃப். கடன் போட்டு, பழைய பூச்சையெல்லாம் கொத்தியெடுத்துவிட்டு, இடுப்புக்கு மேல் வரை சிமெண்ட் பூசினேன். பளிங்கு மாதிரி ஆனது. அடுத்த மழைக்காலத்தில் தம்பி பக்கம், அதுவரை இல்லாத உயரத்துக்கு, உப்புப் பூத்துச் சுவர் பொரிந்தது. அவன் வந்து, "அண்ணே, நீங்க பூசினதிலேருந்துதான் இந்தப் பக்கம் ஈரம் வருது" என்றான். நான் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பூசினால் இந்தப் பக்கம் எப்படி ஈரம் வரும், செலவைப் பங்கு கேட்பதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? வார்த்தை வளர்ந்து, "உங்கள் பக்கத்துச் சுவரைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு" என்று என் கூடப்பிறந்தவனுக்கு ஒரு ரெஜிஸ்டர் தபால் அனுப்பினேன். அடுத்த வீட்டுக்கு, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு. கையெழுத்தாகி வந்த அந்த அட்டை இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

அதன் பிறகு கல்யாணம், சாவு என்றால் பார்த்துக்கொள்வோம். மற்றபடி இருபத்தாறு வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கத்தில் இருந்தோம்.

ரூபேயில் வேலை பத்து நாளில் முடிந்தது. கூரைக்கு மேல் இருந்த பகுதியை இறக்கி, நல்ல செங்கல்லைப் பொறுக்கித் துடைத்து வைத்தார்கள். மீதிக்கு இடிபட்ட பழைய வீடுகளிலிருந்து வாங்கிய செங்கல். நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, செங்கல்லை நனைத்தே வைத்தார்கள். இறக்காத இடத்தில் மூட்டுகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உளியால் கையாலேயே சுரண்டினார்கள். மெஷின் போட்டால் செங்கல்லின் ஓரம் வெட்டுப்படுமாம். சாயங்காலம் ஈரச்சாக்கு போர்த்தினார்கள். கூண்டும் ஓடும் சேருமிடத்தில் ஈயத்தகடு மடித்து வைத்தார்கள். பயன்படாத புகைவழிகளை அடைக்கவில்லை. மேலே மழை இறங்காத தொப்பி, கீழே கணப்பை அடைத்த இடத்தில் ஒரு காற்றுச் சன்னல். காற்று ஓடாவிட்டால் உள்ளேயே ஓதம் பிடிக்கும்.

செலவு சரிபாதி. மூன்று குழாய் மதாமுடையது என்று ஆன பிறகு, கணக்குப் பார்த்தால் அவர் பங்குதான் கூடும். மாப்பிள்ளை அதைப் பேச்சில் எடுக்கவே இல்லை. மதாம் தவணையில் கட்டினார். கடைசித் தவணையோடு, அந்தப் பக்கத்துச் சர்க்கரை தார்த் ஒன்று சுட்டு அனுப்பினாராம். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன்.

வந்த மறுநாள் காலையில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாமல் நான் வந்து நின்றதைப் பார்த்து, யாருக்கு என்னவோ என்று பயந்துவிட்டான். உட்காரவைத்தான். ஈரம் எப்படிப் போகிறது, சிமெண்ட் என்ன செய்கிறது என்று கொத்தனார் சொன்னதையெல்லாம் சொன்னேன். "நீ சொன்னதுதான்டா சரி. நான்தான் சிரிச்சேன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதைத் தெரிஞ்சுக்க பிரான்ஸ் வரைக்கும் போகணுமாண்ணே?" என்றான்.

சிமெண்டைக் கொத்தியெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஊரில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர்கள் இருப்பதால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் தேடினால் இன்னும் கிடைக்கிறார். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சாந்து குழைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பூசினோம். சுவர் காய இரண்டு கோடைகள் பிடித்தன. கடலோர ஊர், உப்பு முழுவதும் போகாது. அவ்வப்போது என் பக்கமும் கொஞ்சம் உதிர்கிறது, அவன் பக்கமும் கொஞ்சம் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் பூசிக்கொள்கிறோம்.

மகள் அனுப்பிய படத்தைத் தம்பியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தான்.

"புகை வருதே, அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. தொண்ணூறு ஆகுது."

"மூணாவது குழாய்தானே அவங்களோடது?" என்றான்.