ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதையும் பாருங்கள்

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் என்ற பலகை, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைத் தாண்டியதும் கண்ணில் படுகிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் உருவானவை இந்த மையங்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழு, வளர்ச்சியில் தாமதம் தெரியும் குழந்தைகளை இங்கேதான் அனுப்புகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள சிறு குழந்தைகளுக்குக் காதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க அங்கே போயிருந்தேன்.

முதலில் வந்தது இரண்டு வயதுப் பையன். அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். கூட வந்த பாட்டி, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் கேட்பதற்கு முன்பே சொன்னார்: “கூப்பிட்டா திரும்ப மாட்டான்மா. அவனுக்கு இஷ்டமிருந்தா திரும்புவான். இந்தப் பிள்ளைங்க அப்படித்தானே?”

“அப்படித்தான்னு நாமளே முடிவு பண்ணிடக் கூடாது பாட்டி. காது கேக்குதான்னு முதல்ல பாத்துடுவோம்” என்றார் ஆடியாலஜிஸ்ட். அன்று அந்த மையத்தில் நடந்த அத்தனை வேலைக்கும் இந்த ஒரு பதில்தான் அடிப்படை.

டவுன் சின்ட்ரோம் 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. 1959இல் இந்தக் காரணம் கண்டறியப்பட்டது. இக்குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு வரை கேட்கும் திறன் குறைகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கணக்கிட்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் நடுச்செவியில்தான். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் இவர்களுக்குக் குறுகலாக இருக்கும். அதைத் திறந்து மூடும் தசைகளும் தளர்ந்திருக்கும். அடிக்கடி சளி பிடிக்கும். காற்றுப் போக வழியில்லாத நடுச்செவியில் நீர் கோத்து, நாளாக ஆக கெட்டிப்படுகிறது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. குளத்தில் முங்கியிருப்பவருக்குக் கரையில் இருப்பவர் பேசுவது கேட்பதுபோல, அந்தக் குழந்தைக்கு உலகம் மங்கலாகக் கேட்கிறது.

பையனைக் கருவிகளிடம் கொண்டுபோகும் முன், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இக்குழந்தைகளில் பலருக்குக் காதுத் துவாரமே மிகச் சிறிதாக இருக்கும். கொஞ்சம் குறும்பி சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். அதை எடுக்காமல் செய்யும் சோதனையின் முடிவை நம்ப முடியாது. பையன் அழுதான். அம்மா அவன் கைகளைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் பொறுமையாக எடுத்து முடித்தார்.

அடுத்தது டிம்பனோமெட்ரி. மெத்தென்ற சிறு முனையைக் காதில் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தை லேசாக மாற்றுகிறார்கள். செவிப்பறை நன்றாக அசைந்தால் திரையில் கோடு குன்றுபோல உயர்ந்து இறங்கும். பையனின் இரண்டு காதுக்கும் கோடு மட்டமாகவே கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறது என்பதற்கான அடையாளம் இது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் இதே சோதனையை 226 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் செய்ய வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட் விளக்கினார்.

நீர் இருப்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு கேட்கிறது என்பது தெரிய வேண்டாமா? ஒலி புகாத அறைக்குள் அம்மா மடியில் பையன் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியில் சத்தம் வந்ததும் அவன் அந்தப் பக்கம் திரும்பினால், பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். இரண்டு மூன்று முறையில் விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டதும் பொம்மையைத் தேடினான். பிறகு சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நான் கவனித்தது ஆடியாலஜிஸ்டின் நிதானத்தை. தசை தளர்ந்த குழந்தை கழுத்தைத் திருப்பக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்பட்டால், கேட்டும் திரும்பாத குழந்தை என்று தவறாகக் குறித்துவிடுவோம். சோதனையைத் தேர்ந்தெடுப்பதும் பிறந்த தேதியைப் பார்த்து அல்ல, குழந்தையின் வளர்ச்சி நிலையைப் பார்த்துத்தான்.

பக்கத்து அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். நான்கு மாதப் பெண் குழந்தை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய மின்முனைகள், ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் பதிலைத் திரையில் அலைகளாக வரைந்தன. இதுதான் ‘பெரா’ பரிசோதனை. தூங்காத குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுண்டு. ஆனால் டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு உண்டு; தூக்கத்தில் மூச்சுத் தடையும் வரும். அதனால் இயல்பாகத் தூங்கவைப்பதற்கே முதலிடம். மருந்து தேவைப்பட்டால் குழந்தை மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான்.

அந்தப் பெண் குழந்தையின் அம்மாவிடம், பிறந்தபோது செய்த சோதனையில் ‘பாஸ்’ என்று எழுதிய சீட்டு இருந்தது. “அப்புறம் ஏன் மேடம் மறுபடியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதில் ஆறாம் மாதம் நீர் கோக்கலாம், வடியலாம், மறுபடி கோக்கலாம். ஆகவேதான், பிறந்தவுடன் ஒரு சோதனை, ஆறாம் மாதம் ஒன்று, இரண்டு காதும் தனித்தனியே நன்றாகக் கேட்கிறது என்று உறுதியாகும்வரை ஆறு மாதத்துக்கு ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

பையனின் முடிவைச் சொல்ல எல்லோரையும் உட்காரவைத்தார் ஆடியாலஜிஸ்ட். மிதமான குறைபாடு, பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. பாட்டி பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கேக்காமத்தான் திரும்பலையா?” என்று மட்டும் கேட்டார்.

வழி இருக்கிறது. சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பார்கள். நீர் வடியாவிட்டால் காது கேட்கும் கருவி, அல்லது செவிப்பறையில் குரோமெட் என்ற நுண்குழாய் வைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை. துவாரம் மிகச் சிறிதாக இருக்கும் குழந்தைக்கு, தலையில் பட்டைபோல் அணிந்து எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவியும் உண்டு. அதுவரை முகத்துக்கு நேரே பேசுங்கள், பேசும்போது டிவியை அணையுங்கள், கைச்சைகையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பேச்சுப் பயிற்சி அன்றே தொடங்கியது.

பேச்சு தாமதமாவதற்கு டவுன் சின்ட்ரோம் ஒரு காரணம்தான். ஆனால் காது கேளாமையும் அதே பெயருக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவதைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படியொரு குழந்தை இருந்தால், கடைசியாகக் காதைச் சோதித்தது எப்போது என்று கேளுங்கள். ஆறு மாதம் கடந்திருந்தால், இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று உறுதியான குழந்தைக்கு ஓராண்டு கடந்திருந்தால், அது எத்தனை முறை ‘பாஸ்’ ஆன காதாக இருந்தாலும், அழைத்துப் போங்கள். அரசு மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.